நடுவர் விழுந்தால் விசில் யார் கையில்?

கால்பந்தில் ஆட்டக்காரர் அடிபட்டு விழுந்தால் திடலில் எல்லாருக்கும் வேலை தெரியும். நடுவர் விசில் ஊதுவார், பெஞ்சிலிருந்து ஐஸ் பெட்டியோடு ஒருவர் ஓடி வருவார், கேப்டன் மணி கேட்பார். விழுந்தது நடுவராக இருந்தால் சில வினாடிகளுக்கு ஒன்றுமே நடக்காது. இரண்டு அணியும் விசிலுக்காகக் காத்து நிற்கும், ஊத வேண்டியவர் புல்லில் கிடப்பார். அந்தச் சில வினாடிகளில் யார் அசைய வேண்டும் என்பதை ஆட்டம் தொடங்கும் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், செபராங் பிறை பக்கம் வார இறுதி லீக்குகளிலும் இளைஞர் மன்றப் போட்டிகளிலும் பல வருஷமாக விசிலும் கொடியுமாக அலைபவன் நான். பெரிய ஸ்டேடியங்களில் டாக்டர் இருப்பார், ஆம்புலன்ஸ் நிற்கும், நான்காவது நடுவர் இருப்பார், காதில் கருவி மாட்டியிருப்பார்கள். எங்கள் திடல்களில் மூன்று நடுவர்கள், இரண்டு கொடி, ஏற்பாட்டாளர் கொண்டுவந்த தண்ணீர்ப் பாட்டில்கள். செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் தொண்டர்கள் வந்திருந்தால் அன்றைக்கு யோகம்.

பட்டர்வொர்த் பக்கம் ஒரு சாயங்கால ஆட்டம். நான் முதல் துணை நடுவர், அதாவது ஊர் வழக்கில் லைன்ஸ்மேன். நடுவில் ஊதியவர் என்னைவிட மூத்தவர், அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். இரண்டாம் பாதியில் தடுப்பாட்டக்காரர் ஒருவர் பெனால்டி பகுதிக்குள்ளிருந்து பந்தை முழுப் பலத்தோடு உதைத்து வெளியேற்றப் பார்த்தார். அண்ணே நின்ற இடம் அதற்கு மிகவும் பக்கம். விதிப்படி பந்தின் எடை 410 முதல் 450 கிராம். கேட்க லேசாகத்தான் இருக்கும், ஆனால் அந்த வேகத்தில் அது காதுக்கு மேலே பொட்டில் வந்து மோதும்போது எழுந்த சத்தம் கோட்டோரத்தில் நின்ற எனக்கே கேட்டது. முழங்காலில் சரிந்தார், அப்புறம் பக்கவாட்டில் சாய்ந்தார். பந்து எதிரணிக்காரர் காலில் விழ, அவர் கோலை நோக்கி ஓட ஆரம்பித்துவிட்டார்.

நான் கொடியை உயர்த்தி ஆட்டிக்கொண்டே உள்ளே ஓடி, என் பையில் இருந்த விசிலை எடுத்து ஊதினேன். துணை நடுவருக்கு விசில் எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. அன்றைக்குப் பிறகு எங்கள் குழுவில் யாரும் கேட்கவில்லை. கொடி பிடிக்கப் போகிற ஒவ்வொருவரும் ஒரு விசில், ஒரு செட் அட்டை, ஓடுகிற கடிகாரம் மூன்றையும் தன்னிடம் வைத்திருக்க வேண்டும். விழுந்தவரின் வாயிலிருந்து விசிலைப் பிடுங்கி ஊதுகிற காட்சியை நான் பார்த்திருக்கிறேன், அது யாருக்கும் நல்லதில்லை.

நான் ஆட்டத்தை நிறுத்தியதற்கு விதியின் துணையும் இருந்தது. 2019இலிருந்து, பந்து நடுவர் மீது பட்டுத் திடலுக்குள்ளேயே இருந்து, அதனால் ஓர் அணி நல்ல தாக்குதலைத் தொடங்கினாலோ, பந்து எதிரணி வசம் போனாலோ, நேராகக் கோலுக்குள் போனாலோ ஆட்டம் நிற்கும். பிறகு நடுவர் பந்தைக் கீழே போட்டுத் தொடங்குவார். அதற்கு முன்னெல்லாம் கதை வேறு. நடுவர் கல்தூண் கணக்கு, பட்டுத் தெறித்தால் ஆட்டம் தொடரும். நடுவர் முகத்தில் பட்டு அவர் நிலைகுலைந்திருக்கும் நேரத்தில் பந்து கோலுக்குள் போனால், பக்கத்திலிருக்கும் துணை நடுவர் சரியான கோல் என்று சொன்னால் கொடுக்கலாம் என்று பழைய விளக்கத்தில் இருந்தது. இன்னும் பல பயிற்சியாளர்கள் அந்தப் பழைய கதையைத்தான் மனத்தில் வைத்திருக்கிறார்கள். அன்றைக்கும் ஒருவர் கோட்டோரத்தில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

சத்தத்தை விட்டுவிட்டு அண்ணேயிடம் போனேன். அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. நம் ஆட்களுக்கு உதவும் மனசு அதிகம், பொறுமை குறைச்சல். ஒருவர் கோடாலித் தைலத்தை மூக்கில் வைக்க வந்தார். ஒருவர் தலையில் தண்ணீர் ஊற்றப் பார்த்தார். "தூக்கி உட்கார வைங்க, ரத்தம் ஓடணும்" என்றார் இன்னொருவர். தைலத்தால் மூளைக்கு ஒரு பயனும் இல்லை. திடுக்கிட்டுத் தலையை உதறினால், கழுத்தில் அடி இருக்கும் பட்சத்தில் அது ஆபத்து. கழுத்து வலி, கை கால் மரத்துப்போவது, கூச்சமெடுப்பது, பலமில்லாமல் போவது, இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் ஆளை அசைக்கக் கூடாது. தலையை அப்படியே பிடித்துக்கொண்டு 999க்கு அழைக்க வேண்டியதுதான். அண்ணேக்கு அப்படி எதுவும் இல்லை. அவராகவே எழுந்து உட்கார்ந்து, "ஓகே, ஓகே, ப்ளே" என்றார்.

அந்த "ஓகே"யை நம்பக் கூடாது. மூளை அதிர்ச்சி, கன்கஷன் என்கிறார்களே, அதில் பெரும்பாலும் மயக்கமே வராது. ஆள் எழுந்து நிற்பார், பேசுவார், சிரிக்கவும் செய்வார். அதனால்தான் ஆட்டக்காரர்களிடம் சில எளிய கேள்விகளைக் கேட்கச் சொல்கிறார்கள்: இது எந்தத் திடல், இது எந்தப் பாதி, கடைசி கோல் யார் போட்டது, போன வாரம் யாரோடு ஆடினீர்கள். நடுவரிடம் இந்தக் கேள்விகள் இன்னும் நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் பதில் எல்லாம் நம் குறிப்பு அட்டையிலும் இருக்கும்.

"அண்ணே, இது எந்த ஹாஃப்?"

"செகண்ட்."

"ஸ்கோர்?"

கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. அட்டையை எடுத்துப் பார்க்கப் போகிறார். நான் மெதுவாக அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "பாக்காம சொல்லுங்க அண்ணே." கொஞ்சம் யோசித்தார். "ஒன்னு ஒன்னு." இரண்டுக்கு ஒன்று என்றாகிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அந்த இரண்டாவது கோல் பெனால்டி. கொடுத்ததே அவர்தான். அதற்காக ஒரு மஞ்சள் அட்டையும் காட்டியிருந்தார், அந்த ஆட்டக்காரர் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். அண்ணே அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

அவரால் இனி ஊத முடியாது என்று நான் சொன்னதும் அண்ணேக்குக் கோபம் வந்துவிட்டது. "நான்தான் ரெஃப்ரி. ஆட முடியுமா முடியாதான்னு நான் சொல்றேன்." இந்த இடம்தான் எல்லாவற்றிலும் கடினம். ஆட்டக்காரருக்கு அடிபட்டால் நடுவர் இருக்கிறார், பயிற்சியாளர் இருக்கிறார், வெளியே அனுப்பிவிடலாம். 2024 ஜூலையிலிருந்து, போட்டி அமைப்பாளர் விரும்பினால் கன்கஷனுக்கென்றே கூடுதல் மாற்று ஆட்டக்காரரை அனுமதிக்க விதியில் இடம் வந்துவிட்டது. நடுவரை வெளியே போகச் சொல்ல யாருக்கு அதிகாரம்? திடலில் அவர் சொல்தான் கடைசிச் சொல். அடிபட்டது எதுவோ, அதை வைத்தே தன் நிலையை அவர் எடைபோட வேண்டியிருக்கிறது.

எங்களுக்குள் இதற்கு ஓர் ஒப்பந்தம் ஏற்கெனவே இருந்தது, அதுவும் அண்ணே போட்டதுதான். ஆட்டத்துக்கு முன் வார்ம்அப் செய்யும்போது மூன்று பேரும் பேசிக்கொள்வோம்: தலையில் பட்டால் பட்டவர் முடிவெடுக்கக் கூடாது, மற்ற இருவரும் சேர்ந்து எடுப்பார்கள், அதற்கு மேல் பேச்சு இல்லை. இரண்டாவது துணை நடுவரும் வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணே, நீங்க சொன்னதுதானே" என்றார். அண்ணே சட்டைப் பையிலிருந்து அட்டைகளை எடுத்து என் கையில் கொடுத்தார். முன்கூட்டிப் பேசியிராவிட்டால் அது நடந்திருக்காது. திடல் நடுவில், இரண்டு அணியும் பார்த்துக்கொண்டிருக்க, மூத்தவர் ஒருவரிடம் இளையவர் போய் "நீங்கள் வெளியே போங்கள்" என்று சொல்வது நம் பழக்கத்தில் சுலபமில்லை.

அப்புறம் கைமாற்றும் வேலை. யார் பொறுப்பேற்பது என்பதைப் போட்டி விதிகளே சொல்ல வேண்டும் என்று கால்பந்து விதிகளில் ஆறாம் விதி சொல்கிறது. நடுவரால் தொடர முடியாவிட்டால் நான்காவது நடுவரா, மூத்த துணை நடுவரா என்பது தெளிவாக எழுதியிருக்க வேண்டும். உள்ளூர்ப் போட்டிகளின் விதித்தாளில் ஜெர்சி நிறத்துக்கு ஒரு பத்தி இருக்கும், புரோட்டெஸ்ட் கட்டணத்துக்கு ஒரு பத்தி இருக்கும், இதற்கு ஒரு வரி இருக்காது. ஏற்பாட்டாளர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அந்த ஒரு வரியை எழுதுங்கள். "நடுவர் தொடர முடியாவிட்டால் முதல் துணை நடுவர் பொறுப்பேற்பார்." அவ்வளவு போதும். இல்லாவிட்டால் தோற்ற அணிக்கு மறுநாள் அதுவே ஆயுதம்.

பொறுப்பேற்பவர் முதலில் பார்க்க வேண்டியது கடிகாரம். ஆட்டம் எந்த நிமிடத்தில் நின்றது என்பதைக் கையோடு எழுதிவிட வேண்டும், அதற்கு மேல் போகிற ஒவ்வொரு நிமிடமும் கடைசியில் சேர்க்கப்படும். பிறகு ஸ்கோர், அட்டை வாங்கியவர்களின் எண், செய்த மாற்றங்கள். முதல் பாதியிலேயே நடுவர் மாறினால், ஆட்டத்தைத் தொடங்கி வைத்தது எந்த அணி என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டாம் பாதியில் மற்ற அணி தொடங்க வேண்டுமே! ஐந்து நிமிடம் முன்புவரை எல்லாருக்கும் தெரிந்திருந்த அந்த விஷயம், இடைவேளை முடிந்து வரும்போது ஆளுக்கொன்றாக மாறியிருக்கும். துணை நடுவர்களும் முழுக் குறிப்பு எழுத வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதற்குத்தான். கோலும் அட்டையும் மட்டும் எழுதுகிற துணை நடுவர்கள் நிறைய, மாற்றங்களை எழுதுகிறவர்கள் குறைவு.

குறிப்பு சரியானதும் இரண்டு கேப்டனையும் இரண்டு பயிற்சியாளரையும் ஒன்றாகக் கூப்பிட்டேன். தனித்தனியாகச் சொன்னால் இரண்டு கதையாகிவிடும். "இனி நான் ஊதுறேன். ஸ்கோர் இது, மஞ்சள் அட்டை இவங்களுக்கு, நேரம் இவ்வளவு பாக்கி. சரியா?" நான்கு பேரும் தலையாட்டிய பிறகுதான் மற்ற வேலை.

என் கொடிக்கு ஆள் வேண்டுமே. அன்றைக்கு முந்தைய ஆட்டத்தில் ஊதிய நடுவர் ஒருவர் இன்னும் வீட்டுக்குப் போகாமல் ஓரத்துக் கடையில் மீ கோரெங் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தட்டை அப்படியே வைத்துவிட்டு வந்தார், புண்ணியவான். அடுத்தடுத்து ஆட்டம் நடக்கும் நாளில், அடுத்த ஆட்டத்துக்கு வந்த நடுவர்களில் ஒருவரையாவது திடலோரமாக இருக்கச் சொல்லுங்கள். யாருமே கிடைக்காவிட்டால் கிளப்பிலிருந்து ஓர் ஆளைக் கோட்டில் நிறுத்தலாம். அவர் வேலை பந்து வெளியே போனதைக் காட்டுவது மட்டும்தான். அவர் பக்கத்து ஆஃப்சைடை நடுவரே பார்ப்பார் என்பதை இரண்டு பயிற்சியாளரிடமும் சொல்லிச் சம்மதம் வாங்கிக்கொள்ள வேண்டும். கிளப் ஆள் ஆஃப்சைடுக்குக் கொடி தூக்கி, அதை நடுவர் ஏற்று, கோல் பறிபோனால் அன்றைக்குத் திடலில் அமைதி இருக்காது.

பெரிய இடத்திலும் இது நடந்ததுதான். 1972 செப்டம்பர் 16, லண்டன் ஹைபரி மைதானம், ஆர்சனல், லிவர்பூல் ஆட்டம். லைன்ஸ்மேன் ஒருவருக்குக் காயம். தகுதி பெற்ற நடுவர் யாராவது இருந்தால் வாருங்கள் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். பார்வையாளர் பகுதியிலிருந்து இறங்கி வந்தவர் ஜிம்மி ஹில், தொலைக்காட்சியில் ஆட்டங்களை அலசிப் பேசுகிறவர், நடுவர் தகுதியும் பெற்றிருந்தார். டிராக்சூட்டோடு கொடி பிடித்தார். நான்காவது நடுவர் என்ற பதவி விதிகளுக்குள் வந்தது 1991இல்தான். நம் உள்ளூர்த் திடல்கள் இன்னும் 1972இலேயே இருக்கின்றன, ஜிம்மி ஹில் இல்லாமல்.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஐந்து மணிக்குத் தொடங்கினால் இரண்டு பாதியும் பதினைந்து நிமிட இடைவேளையும் சேர்த்து ஆறே முக்கால். ஏழு மணிக்கு மேல் இங்கே வெளிச்சம் மளமளவென்று போய்விடும், மக்ரிப்புக்குக் கிளம்ப வேண்டிய ஆட்டக்காரர்களும் இருப்பார்கள். விளக்கில்லாத திடலில் கால் மணி நேரம் நின்றாலே கணக்கு உதைக்கும். உடனே கேப்டன்கள் வந்து, "செகண்ட் ஹாஃப் முப்பத்தஞ்சு நிமிஷம் போதும் லா, ரெஃப்" என்பார்கள். முடியாது. பாதியின் நீளத்தைக் குறைப்பதென்றால் போட்டி விதியில் இடம் இருந்து, ஆட்டம் தொடங்கும் முன்பே நடுவரும் இரண்டு அணியும் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். நடுவில் மாற்றினால் முடிவு நிற்காது. காயம் முதல் பாதியில் நடந்தால் நடுவரின் அனுமதியோடு இடைவேளையைச் சுருக்கிக்கொள்ளலாம். அதுவும் போதாதென்றால் ஆட்டத்தைக் கைவிட்டு அமைப்பாளரிடம் ஒப்படைப்பதுதான் நேர்மை.

அன்றைய ஆட்டத்தை முடித்துவிட்டு வந்து பார்த்தால் அண்ணே ஹெல்மெட்டைத் தேடிக்கொண்டிருக்கிறார். வந்தது கப்சாய் மோட்டாரில், வீடு தீவில். பினாங்குப் பாலத்தில் காற்றும் லாரியும் எப்படி இருக்கும் என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும். நாங்கள் சாவியைத் தரவில்லை. மோட்டாரை ஒருவர் தன் வீட்டில் வைத்துக்கொண்டார், அண்ணே என் காரில். போகும் வழியில் செபராங் ஜெயா மருத்துவமனையில் காட்டினோம். தலையில் அடிபட்டவர் அன்றைக்கு வண்டி ஓட்டக் கூடாது, முதல் சில மணி நேரம் தனியாக இருக்கக் கூடாது, மது கூடாது. திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகிற தலைவலி, இரட்டையாகத் தெரிவது, வலிப்பு, எழுப்பினால் சரியாக எழாத தூக்கம், வழக்கத்துக்கு மாறான எரிச்சல், இதில் எது வந்தாலும் நேராக அவசரப் பிரிவு. இந்த அடையாளங்களை அவரிடம் சொல்லிப் பயனில்லை, அவருக்கு ஞாபகம் இருக்காது. வீட்டுக்குப் போய் அண்ணியிடம் சொன்னேன். அண்ணி ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினார். அடுத்த வாரமே விசிலோடு வந்து நிற்கப் பார்த்தவரை அண்ணிதான் நிறுத்தி வைத்தார். டாக்டர் அனுமதித்த பிறகும் முதலில் நடை, பிறகு மெல்லோட்டம், பிறகு வேக ஓட்டம் என்று படிப்படியாகத்தான் திரும்பினார்.

இன்னொரு நாள் ஆட்டத்தில் எனக்கு வந்தது தசைக் காயம். நடுவில் ஊதிக்கொண்டிருந்தபோது எதிர்த்தாக்குதலைத் துரத்தி ஓடக் காலை ஊன்றினேன். பின்னங்காலில் யாரோ பலமாக உதைத்தது போல் ஒரு அடி. கோபத்தோடு திரும்பிப் பார்த்தால் பின்னால் ஒருவருமில்லை. கெண்டைக்கால் தசை கிழிந்தால் இப்படித்தான் இருக்கும். குதிகாலுக்கு மேலே இருக்கும் அக்கிலிஸ் தசைநார் அறுந்தாலும் இதே உணர்வுதான், அது அதைவிடப் பெரிய விஷயம். வித்தியாசம் பார்க்க ஒரு வழி உண்டு. குப்புறப் படுக்க வைத்து, பாதம் தொங்கும்படி விட்டு, கெண்டைக்கால் சதையை அமுக்க வேண்டும். பாதம் அசைந்தால் நல்லது. அசையாவிட்டால் அறுந்திருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். என் பாதம் அசைந்தது.

என்னைப் பார்த்த ஏற்பாட்டாளர், "அப்ப நீங்க லைன்ல நில்லுங்க சார், அவரு நடுவுல ஊதட்டும்" என்றார். நடுவில் ஓட முடியாதவர் கோட்டில் ஓடிவிடலாம் என்பது நம் திடல்களின் பெரிய மூடநம்பிக்கை. துணை நடுவர் நிற்கிற ஆள் இல்லை. கடைசித் தடுப்பாட்டக்காரருக்கு நேராக இருக்கப் பக்கவாட்டில் நகர வேண்டும், சட்டென்று திரும்பி முழு வேகத்தில் ஓட வேண்டும். ஃபிஃபா உடற்தகுதித் தேர்வில் நடுவருக்கு ஆறு முறை 40 மீட்டர் வேக ஓட்டம் என்றால், துணை நடுவருக்கு ஐந்து முறை 30 மீட்டர். அதோடு பக்கவாட்டு நகர்வுக்கென்றே தனிச் சோதனையும் உண்டு. கிழிந்த காலோடு அதைச் செய்தால் இரண்டு வாரக் காயம் இரண்டு மாதமாகும். நான் மேசையில் உட்கார்ந்து, காலைத் தூக்கி வைத்து, துணி சுற்றிய ஐஸோடு மாற்று ஆட்டக்காரர்களையும் நேரத்தையும் கவனித்தேன். தலையில் அடியில்லாத நடுவருக்கு அதுதான் பொருத்தமான இடம். ஐஸை நேரடியாகத் தோலில் வைக்காதீர்கள், ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். அன்றைக்கே யாராவது சூடான எண்ணெயை ஊற்றி உருவிவிட வந்தால் கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். புதுக் காயத்தைச் சூடாக்கி அழுத்தினால் உள்ளே ரத்தக் கசிவு கூடும்.

துணை நடுவர்களுக்கு அதிகம் போவது கணுக்கால். பந்தைப் பார்த்துக்கொண்டே ஓடுகிறவர் காலடியைப் பார்க்க மாட்டார். பல திடல்களில் கோட்டை ஒட்டியே லோங்காங், மூடியில்லாத சிமெண்டுச் சாக்கடை. அது போதாதென்று மாற்று ஆட்டக்காரர்களின் பைகள், சிறுவர்களின் சைக்கிள். ஆட்டத்துக்கு முன் கொடியோடு தன் பாதி கோட்டை ஒரு தடவை நடந்து பார்த்து எல்லாவற்றையும் தள்ளி வைக்கச் சொல்வது துணை நடுவரின் வேலைதான். பிசகிவிட்டால், நான்கு எட்டு நடக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால், அல்லது கணுக்கால் எலும்பின் பின் விளிம்பைத் தொட்டாலே வலித்தால், எக்ஸ்ரே எடுக்காமல் விடக் கூடாது.

வாயில் விசிலை வைத்துக்கொண்டே ஓடும் பழக்கம் உள்ளவர்களுக்கு: விட்டுவிடுங்கள். முழங்கையோ பந்தோ முகத்தில் பட்டால் விசில் பல்லைப் பெயர்த்துவிடும். விரலில் மாட்டுகிற விசில் வாங்கிக்கொள்ளுங்கள். பல் முழுதாக விழுந்துவிட்டால் வேர்ப் பக்கம் தொடாமல் மேல்பக்கத்தைப் பிடித்து எடுத்து, கடையில் ஒரு பாக்கெட் பால் வாங்கி அதில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் போனால் மறுபடி பொருத்தும் வாய்ப்பு உண்டு. சட்டைப் பையில் சுற்றி வைத்துக்கொண்டு ஆட்டத்தை முடித்துவிட்டுப் போனால் அந்த வாய்ப்பும் போய்விடும். மூக்கில் ரத்தம் வந்தால் அண்ணாந்து பார்க்கக் கூடாது, முன்பக்கம் குனிந்து மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் இறுக்கிப் பிடிக்க வேண்டும்.

யாரும் இடிக்காமல், பந்தும் படாமல், நடுவர் தானாக விழுந்தால் எதையும் யோசிக்க வேண்டாம், இதயம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். நம் நடுவர்களில் நாற்பது தாண்டியவர்கள் நிறைய, சர்க்கரையும் பிரஷரும் உள்ளவர்கள் நிறைய, வெயிலிலும் ஓடுகிறோம். 2021 ஜூன் 12, கோபன்ஹேகனில் டென்மார்க் ஆட்டக்காரர் கிறிஸ்டியன் எரிக்சன் இதயம் நின்று விழுந்தபோது நடுவர் ஆண்டனி டெய்லர் தயங்காமல் மருத்துவக் குழுவை உள்ளே கூப்பிட்டார். விழுவது நடுவரானால் அந்த வேலையைத் துணை நடுவர் செய்ய வேண்டும். கூப்பிட்டால் பதிலில்லை, மூச்சு சரியாக இல்லை என்றால் ஒருவர் 999, ஒருவர் மார்பை அழுத்த வேண்டும், ஒருவர் இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் ஏஇடி கருவி எங்கே என்று ஓட வேண்டும். தரையில் போட்ட மீன்போல் வாய் திறந்து திறந்து மூடுவதை மூச்சு என்று எண்ணிக் காத்திருக்காதீர்கள், அது மூச்சு இல்லை. நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழம், நிறுத்தாமல். கையில் இரும்புச் சாவி கொடுக்கிற கூட்டத்தை யாராவது தள்ளி நிறுத்துங்கள். ஆம்புலன்ஸ் திடலுக்குள் வர எந்த கேட், அதன் பூட்டுச் சாவி யாரிடம் என்று ஆட்டத்துக்கு முன்பே கேட்டு வைப்பதும் நடுவர் குழுவின் வேலை. பள்ளித் திடல்களில் சனிக்கிழமை அந்தச் சாவி யாரிடமும் இருக்காது.

இதுவரை சொன்னதெல்லாம் தற்செயல் காயங்கள். வேண்டுமென்றே அடித்தால் கணக்கு வேறு. அங்கே மாற்று நடுவர், கைமாற்றம், மீதி நேரம் என்ற பேச்சே கூடாது என்பது என் கருத்து. நடுவரை அடித்துவிட்டு வேறு நடுவரை வைத்து ஆட்டத்தை முடிக்கலாம் என்றால் நாளைக்கு எல்லாத் திடலிலும் அது வழியாகிவிடும். 2004 செப்டம்பரில் ரோமில், இடைவேளைக்கு உள்ளே போய்க்கொண்டிருந்த நடுவர் ஆண்டர்ஸ் ஃப்ரிஸ்க்கின் தலையில் கூட்டத்திலிருந்து வந்த பொருள் பட்டு ரத்தம் கொட்டியது. ஆட்டம் அதோடு நின்றது, எதிரணியான டைனமோ கீவுக்கு 3-0 என்று ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஇஎஃப்ஏ வெற்றி கொடுத்தது. 2023 டிசம்பரில் அங்காராவில் கிளப் தலைவர் ஒருவர் திடலுக்குள் வந்து நடுவர் ஹலில் உமுத் மெலரைக் குத்தியபோது துருக்கி தன் லீக்குகளையே நிறுத்தி வைத்தது. நம் ஊரில் "பையன் கோபத்துல பண்ணிட்டான், விட்டுடுங்க சார், எல்லாம் நம்ம ஆளுங்கதானே" என்று சமாதானம் பேச வருவார்கள். அவர்களோடு பேச வேண்டாம். மூன்று நடுவரும் ஒன்றாகத் திடலை விட்டு வெளியேறி, காயத்தைப் படமெடுத்து, மருத்துவ அறிக்கை வாங்கி, போலீஸ் புகார் கொடுத்து, அறிக்கை எழுத வேண்டும்.

அறிக்கை எல்லாக் காயத்துக்கும் உண்டு. எந்த நிமிடம், எப்படி, யார் பொறுப்பேற்றார், என்ன நிலையில் ஆட்டம் தொடர்ந்தது என்று அன்றிரவே எழுதி, புதிய நடுவரும் பழைய நடுவரும் கையெழுத்திட வேண்டும். தலையில் பட்டவரை மட்டும் எழுதச் சொல்லாதீர்கள், கையெழுத்துக்குக்கூட அவசரப்படுத்த வேண்டாம். மூன்று பேரின் ஐசி எண், வீட்டுத் தொலைபேசி, ஒவ்வாமை, சாப்பிடும் மருந்து ஆகியவற்றை ஒரு சிறு தாளில் எழுதி நடுவர் பையில் போட்டு வையுங்கள். ரத்தம் மெலிவதற்கு மாத்திரை எடுப்பவர் தலையில் அடிபட்டால் கேள்வியே கேட்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும், அந்தத் தாள் இல்லாவிட்டால் அது யாருக்குத் தெரியும்? போட்டிக்கு விபத்துக் காப்புறுதி எடுத்திருந்தால் அது ஆட்டக்காரர்களுக்கு மட்டுமா, நடுவர்களுக்கும் சேர்த்தா என்று நியமனத்தை ஒப்புக்கொள்ளும் முன்பே கேளுங்கள். எங்கள் பக்கத்துப் போட்டி ஒன்றில் பந்து பொறுக்கும் பையன்கள்வரை பட்டியலில் இருந்தார்கள், நடுவர்கள் இல்லை.

கடைசியாக அலவன்ஸ். பாதியில் விழுந்த நடுவருக்குப் பாதிப் பணம் என்று கணக்குப் போடுகிற ஏற்பாட்டாளர்கள் இருக்கிறார்கள். விழுந்தவருக்கு முழுத் தொகை, கொடியிலிருந்து நடுவுக்குப் போனவருக்கு நடுவரின் தொகை, சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு வந்தவருக்குத் துணை நடுவரின் தொகை. மொத்தத்தில் ஒரு நடுவரின் பணம் கூடுதலாகும். அதைக் கொடுக்க மாட்டோம் என்கிற போட்டிக்கு எங்கள் குழு மறுபடி போவதில்லை.